போனில் வருவதை டிவியில் பார்க்க: எதையும் வாங்கும் முன் எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வேலூரில் உள்ள எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான்: “போன்ல வர்றத டிவியில பாக்கணும், அதுக்கு இன்னா வாங்கணும்?” பாகாயத்திலிருந்து வரும் பெரியவரும் கேட்கிறார், காட்பாடியிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளையும் கேட்கிறான். பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பதில், எதுவும் வாங்க வேண்டாம் என்பதுதான். சில ஆண்டுகளுக்குள் வாங்கிய ஸ்மார்ட் டிவியாக இருந்தால் அந்த வசதி அநேகமாக உள்ளேயே இருக்கும். எந்த வசதி, அதை எப்படித் திறப்பது, சில வீடுகளில் ஏன் ஓடுவதில்லை என்பதையெல்லாம் கல்லா முன்னால் கூட்டம் நிற்கும்போது சொல்லி முடிக்க முடிவதில்லை. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போய், டிவியில் செருகும் ஏதோ ஒரு டாங்கிளை வாங்கி, அதுவும் ஓடாமல் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

போனை டிவியோடு சேர்க்க இரண்டு வழி இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

ஒன்று மிரரிங். போன் திரையில் என்ன தெரிகிறதோ அது அப்படியே டிவியில் தெரியும். நீங்கள் விரலால் தள்ளினால் அங்கேயும் நகரும். இன்னொன்று காஸ்ட். இதில் போன் வீடியோவை அனுப்புவதே இல்லை. எந்த வீடியோ என்ற விவரத்தை மட்டும் டிவிக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. டிவி தானாக இன்டர்நெட்டில் அதை எடுத்து ஓட்டுகிறது. அதனால் படம் ஓடும்போதே நீங்கள் போனில் பேசலாம், திரையை அணைத்து வைக்கலாம், பேட்டரியும் அவ்வளவாக இறங்காது. யூடியூப் பார்க்க மிரரிங் போட்டுவிட்டு, போன் சுடுகிறது, படம் விட்டு விட்டு வருகிறது என்று வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வேண்டியது காஸ்ட்தான். யூடியூபில் மேலே ஒரு சின்னச் செவ்வகமும், அதன் கீழ் மூலையில் வளைவு வளைவாகக் கோடுகளும் இருக்கும் குறியைத் தொடுங்கள். டிவியின் பெயர் வரும். அதைத் தொட்டால் வேலை முடிந்தது. டிஎன்பிஎஸ்சி, நீட் வகுப்புகளைப் பிள்ளைகள் சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் வீடுகளில் இது ஒன்றே பெரிய உதவி. பாடம் டிவியில் ஓடும், போன் அம்மாவின் கையில் இருக்கும்.

மிரரிங்குக்கு ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் பயன்படுவது மிராகாஸ்ட் என்ற முறை. 2012இல் வந்தது. போனும் டிவியும் ஒன்றோடொன்று நேரடியாக வைஃபையில் பேசிக்கொள்ளும்; நடுவில் ரவுட்டர் தேவையில்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. “எங்க ஊட்ல நெட் கனெக்‌ஷனே இல்லையே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்க்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். போனில் எடுத்த கல்யாண வீடியோ, இறக்கி வைத்த படம் இவற்றைப் பார்க்க ஒரு எம்பி டேட்டாகூடச் செலவாகாது. சாம்சங் போனில் இதன் பெயர் ஸ்மார்ட் வியூ. மற்ற கம்பெனி போன்களில் காஸ்ட், ஸ்கிரீன் காஸ்ட், வயர்லெஸ் டிஸ்ப்ளே என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும்; இங்கே பெயர் காஸ்ட் என்று இருந்தாலும் நடப்பது மிரரிங்தான். மேலிருந்து விரலால் இழுத்தால் வரும் கட்டங்களில் தேடுங்கள், இல்லாவிட்டால் செட்டிங்ஸில் ‘காஸ்ட்’ என்று எழுதித் தேடுங்கள். பல டிவிகளில் டிவி பக்கமும் ஸ்கிரீன் மிரரிங் அல்லது ஸ்கிரீன் ஷேர் என்பதைத் திறந்து வைத்தால்தான் போனுக்கு அதன் பெயர் தெரியும். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் போனைக் குறை சொல்கிறார்கள்.

கூகுளின் பிக்சல் போன்களில் மிராகாஸ்ட் கிடையாது. ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி இருந்தால் கூகுள் ஹோம் ஆப் வழியாகத் திரையைக் காட்டலாம். ஐபோனிலும் மிராகாஸ்ட் இல்லை. அதற்கு ஏர்ப்ளே என்ற ஆப்பிளின் முறை உள்ள டிவி வேண்டும். 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி நிறுவனங்களின் பல மாடல்களில் அது வந்திருக்கிறது. வீட்டில் ஐபோன் இருந்தால் டிவி வாங்கும்போதே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

மிரரிங் நிஜமாகவே தேவைப்படும் இடம் வீடியோ கால். நம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடு எத்தனை! கம்மவான்பேட்டைப் பக்கம் போனால் தெரியும். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் வீடு எத்தனை! பேரப்பிள்ளை முகத்தை 43 இன்ச்சில் பார்க்க வேண்டும் என்று கேட்டு வரும் தாத்தா பாட்டிக்கு நாங்கள் வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுப்பது உண்டு. அப்போது கண்ட சில சங்கதிகளைச் சொல்கிறோம். படம் டிவிக்குப் போனாலும் கேமராவும் மைக்கும் போனில்தான் இருக்கின்றன. பாட்டி டிவியைப் பார்த்துப் பேசுவார், போன் பக்கத்து ஸ்டூலில் படுத்திருக்கும். லடாக்கில் இருக்கும் பேரனுக்கு மின்விசிறியும் மேற்கூரையும்தான் தெரியும். போனை ஒரு ஸ்டாண்டில், டிவிக்குக் கீழே நடுவில், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி குறுக்குவாட்டில் நிறுத்துங்கள். ஆட்டோ ரொட்டேட்டை ஆன் செய்யுங்கள், படம் டிவி முழுக்க நிறையும். டிவியின் சத்தம் போன் மைக்கில் திரும்ப ஏறினால் எதிர்முனையில் எதிரொலி கேட்கும். டிவி சத்தத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். சில போன்களில் படம் மட்டும் டிவிக்குப் போகும், பேச்சு போனிலேயே கேட்கும். அது பழுதில்லை. ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

இனி, எங்களுக்கு அதிகம் வரும் புகார்: “டிவி பேரே காட்ட மாட்டேங்குது.”

காஸ்ட் செய்ய வேண்டுமென்றால் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போன் மொபைல் டேட்டாவில் இருந்தால் டிவியை அதனால் பார்க்க முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம் பக்கம் மாடி வீடுகளில் கீழே ஒரு ரவுட்டர் இருக்கும். மாடிக்குச் சிக்னல் ஏறவில்லை என்று கீழிருந்து ஒரு ஒயரை இழுத்து மேலே இன்னொரு ரவுட்டர் மாட்டியிருப்பார்கள். இன்டர்நெட் இரண்டு இடத்திலும் நன்றாக வரும். ஆனால் மேலே மாட்டியது தனி ரவுட்டராகவே ஓடினால் அது தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிவிடுகிறது. டிவி கீழே ஒன்றில், போன் மேலே ஒன்றில். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றை ஒன்று பார்க்காது. மேலே உள்ளதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது கீழே உள்ள நெட்வொர்க்கையே மேலேயும் பரப்பும் முறைக்கு, மாற்றினால் போதும். இணைப்புக் கொடுத்தவரிடமே கேட்கலாம், ஐந்து நிமிட வேலை. இதற்காகப் புது டிவி வாங்கலாமா என்று கேட்டு வந்தவர்களை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை என்று ஒன்று இருந்தால் டிவியை அதில் சேர்க்காதீர்கள். அதில் சேரும் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாதபடி பூட்டு இருக்கும். போனில் விபிஎன் (இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடினாலும் டிவி மறைந்துவிடலாம், அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் டிவி வேறு வைஃபையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு. எதுவும் புரியவில்லையென்றால் டிவியின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் பல டிவிகள் முழுதாக அணைவதில்லை, தூங்கத்தான் செய்கின்றன.

படம் திக்கித் திக்கி வந்தால் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதிலேயே நெரிசலாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கனத்த சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். லாங் பஜார் பக்கத்துப் பழைய கனத்த சுவர் வீடுகளில் ரவுட்டரை டிவி இருக்கும் அறைக்கே கொண்டுவருவதுதான் ஒரே வழி. டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். அந்த உலோகத் தகடே சிக்னலை மறிக்கும். இரும்பு பீரோவின் பக்கத்திலும் வேண்டாம்.

வைஃபை இல்லாதவர்கள் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை அதில் சேர்க்கலாம். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனிலிருந்தே காஸ்ட் ஆகவில்லையென்றால், வீட்டில் உள்ள இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டையும் அதில் சேருங்கள். டேட்டாவை மட்டும் கவனியுங்கள். ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகலாம், தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு ஒரு படம் பாதியில் நின்றுவிடும். தரத்தை 480க்கு இறக்கிக்கொண்டால் தாக்குப் பிடிக்கும்.

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வெளியூர் குடும்பங்களும் எங்களிடம் வருகிறார்கள். சிகிச்சைக்கு வந்த இடத்தில் நோயாளிக்குப் பொழுது போக வேண்டுமே. லாட்ஜ் வைஃபையில் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்து நம்பர் கேட்கும், டிவியில் அதை நிரப்ப முடியாது. நிரப்பினாலும் ஓர் அறைச் சாதனம் இன்னொன்றைப் பார்க்காதபடி பூட்டியிருப்பார்கள், அது சரியான பாதுகாப்புதான். அவர்களுக்கு மிராகாஸ்ட் மிரரிங்தான் கைகொடுக்கும். யூடியூப் மட்டும் போதுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. டிவியில் ஏதோ ஓர் இணைப்பில் யூடியூப் வந்தால் போதும். அதன் செட்டிங்ஸில் டிவி கோடு என்று ஓர் எண் தரும், போன் யூடியூபில் அந்த எண்ணைப் போட்டால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருந்தாலும் சேர்ந்துகொள்ளும்.

சிலர் சினிமா ஆப்பை மிரரிங்கில் போட்டுவிட்டு, சத்தம் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது என்கிறார்கள். திருட்டுப் பதிவைத் தடுக்க அந்த ஆப்களே அப்படி வைத்திருக்கின்றன. போனையோ டிவியையோ பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம். அதே ஆப்பை டிவியில் இறக்கிப் பாருங்கள்.

அடுத்து, எங்களுக்கு மிகவும் கவலை தரும் விஷயம். மிரரிங் ஓடும்போது போனில் வரும் எல்லாமே டிவியில் தெரியும். வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் தெரியும், தனிப்பட்ட மெசேஜும் தெரியும். விருந்தாளிகள் இருக்கும்போது டூ நாட் டிஸ்டர்பைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டோ காட்ட மட்டும் என்றால் கூகுள் போட்டோஸில் உள்ள காஸ்ட் குறியைப் பயன்படுத்துங்கள், படம் மட்டும் போகும். இன்னொன்று இதைவிட ஆபத்தானது. டிவி சேரவில்லையே என்று இன்டர்நெட்டில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி, கிடைத்த நம்பருக்கு அடிக்கிறார்கள். எதிரில் பேசுகிறவன் ஓர் ஆப்பை இறக்கச் சொல்வான், ஒரு கோடு நம்பர் கேட்பான். கொடுத்த நிமிடமே உங்கள் போன் திரை அவன் கைக்குப் போய்விடும். இப்படிப்பட்ட ஆப்கள் வழியாகப் பணம் திருடப்படுவதைப் பற்றி 2019லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. போனை டிவியோடு சேர்க்க யாருக்கும் எந்தக் கோடு நம்பரும் சொல்ல வேண்டியதில்லை. உண்மையான நம்பர் டிவியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் மடக்க வாய்ப்பு. காசு கேட்கும் ‘ஸ்கிரீன் மிரரிங்’ ஆப்களும் வேண்டாம். போனில் ஏற்கெனவே இருப்பதைத்தான் விளம்பரத்தோடு விற்கிறார்கள்.

ஸ்மார்ட் இல்லாத டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சாதனம் தேவை. பின்னால் ஹெச்டிஎம்ஐ சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு ஸ்டிக் போதும். செட்டாப் பாக்ஸ் ஒன்றைப் பிடித்திருக்கும், இன்னொரு சாக்கெட் காலியாக இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்குக்குக் கரண்டை டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காமல், கூட வரும் அடாப்டரிலேயே கொடுங்கள்; யூஎஸ்பியில் வரும் மின்சாரம் போதாமல் அது அணைந்து அணைந்து எரியும். கூகுளின் ஸ்டிக்கான பழைய குரோம்காஸ்ட் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். 2024 ஆகஸ்டில் கூகுள் அதன் உற்பத்தியை நிறுத்தியதாக அறிவித்தது, ஆனால் கையில் இருப்பது ஓடும்வரை ஓடட்டும். அரசு கொடுத்த கலர் டிவியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இருக்கின்றன. அதில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. கன்வெர்ட்டர் வைத்துச் சேர்க்க முடியும் என்றாலும் எழுத்துகள் மங்கித்தான் தெரியும். அந்தச் செலவு வேண்டாம் என்பதே எங்கள் யோசனை.

சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள். டிவியைத் தூக்கிவர வேண்டாம். பின்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பரையும், சாக்கெட்டுகள் இருக்கும் இடத்தையும் போட்டோ எடுத்து வாருங்கள். எந்தப் போனைச் சேர்க்க வேண்டுமோ அதையே கொண்டுவாருங்கள். எங்களிடம் வாங்காத டிவியாக இருந்தாலும் பரவாயில்லை, பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடென்றால் சொல்லி அனுப்புங்கள், மாலையில் கடை ஆள் ஒருவர் வந்து போட்டுக் கொடுத்து, ஒரு தாளில் தமிழில் எழுதி ரிமோட் பக்கத்தில் ஒட்டிவிட்டு வருவார்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் சர்வீஸ் பிரிவுப் பணியாளர்களும்,
வேலூர்