நீ அங்கே எந்தக் கட்சி?

கேரி, வட கரோலினா
12.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் வந்து சேரும்போது பொங்கல் முடிந்திருக்கும். சேலம் அம்மாபேட்டை வீட்டு வாசலில் கரும்பு கட்டும் நேரத்தில் இந்த ஆண்டும் நான் அங்கே இல்லை என்பது மனத்தை அறுக்கிறது.

நவம்பரில் தொலைபேசியில் "நீ அங்கே எந்தக் கட்சி?" என்று கேட்டீர்கள். "எந்தக் கட்சியும் இல்லை அப்பா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீ யாருக்கும் ஆகாதவ" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டீர்கள். கோபத்தில் சொன்னதல்ல, வருத்தத்தில் சொன்னது என்று எனக்குத் தெரியும். 1972இல் இருபது வயதில் எம்.ஜி.ஆர். பின்னால் போனவர் நீங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரை வேட்டியை மாற்றாத ஒருவருக்கு, பெற்ற மகள் கட்சியில்லாதவள் என்பது ஊர் இல்லாதவள் என்பதைப் போலத்தான் கேட்டிருக்கும். தொலைபேசியில் சொல்ல வராத விளக்கத்தை எழுத்திலாவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குடியுரிமை வாங்கியதும் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பினேன். பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றுக்குப் பிறகு கட்சி என்று ஓர் இடம் இருந்தது. அரசாங்கப் படிவத்தில் கட்சியைக் கேட்பார்கள் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, சில சிறிய கட்சிகள், கடைசியாக "சார்பற்றவர்" என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. இங்கே கட்சிக்காரர் ஆவதற்குச் சந்தா இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, வட்டச் செயலாளர் கையெழுத்தும் வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு குறி இட்டால் போதும். அப்படி இட்டதை இந்த மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் வாக்காளர் பட்டியலில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு வாக்களித்தேன் என்பதுதான் ரகசியம், எந்தக் கட்சி என்பது ரகசியம் அல்ல. நான் கடைசிக் கட்டத்தில் குறியிட்டேன். அப்படிக் குறியிட்டவர்கள் இங்கே சிறு கூட்டமும் அல்லர். 2022இல் வட கரோலினாவின் பதிவேட்டில் சார்பற்றவர்களின் எண்ணிக்கை இரு பெரிய கட்சிகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே தாண்டிவிட்டது.

நான் ஏன் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தேன் என்பதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை அப்பா, நம் தெருவில் இருக்கிறது. 1989 ஜனவரித் தேர்தலின்போது எனக்குப் பத்து வயது. எம்.ஜி.ஆர். மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கொடுத்திருந்தார்கள். நம் வீட்டுப் பக்கச் சுவரில் நீங்களே வரைந்திருந்த இரட்டை இலையின் மீது நீங்களே சுண்ணாம்பு அடித்தீர்கள். வாளியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சுண்ணாம்பு ஈரமாக இருந்த வரையில் பச்சை இலைகள் அடியில் தெரிந்துகொண்டே இருந்தன. வெயில் ஏற ஏற, காயக் காய, அவை மெல்ல மறைந்தன. அவை முழுவதும் மறையும் வரை நீங்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதன் பிறகுதான் சேவலை வரையக் கரிக்கட்டியை எடுத்தீர்கள். கட்சிப் பற்று என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. அதை நான் ஒருநாளும் சிறுமையாக நினைத்ததில்லை.

ஆனால் அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. உங்களோடு ஒரே கூரையின் கீழ்த் தறி ஓட்டியவர், எனக்குக் காது குத்தும்போது பக்கத்தில் நின்றவர், புறாவின் பக்கம் போனார். தேர்தலில் இரு அணியும் தோற்றன. அடுத்த மாதமே அணிகள் ஒன்று சேர்ந்தன, இலையும் திரும்பி வந்தது. ஆனால் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் மகள் திருமணத்துக்கு அம்மாவும் நானும் மட்டும் போய்க் கையை நனைத்துவிட்டு வந்தோம். பந்தியில் அவர் உங்களுக்காக ஓர் இலையைப் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்தேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. தலைவர்கள் ஒரு மாதத்தில் கடந்துபோன சண்டையை நம் வீட்டில் ஆறு ஆண்டுகள் சுமந்தோம். அன்று மனத்தில் விழுந்ததுதான் முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படிவத்தில் என் பேனாவைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனது.

அதற்காகச் சார்பற்றவர்கள் எல்லோரும் என்னைப் போல யோசித்து முடிவெடுப்பவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 2023ஆம் ஆண்டு அமெரிக்கர்களில் 43 சதவீதம் பேர் தங்களைக் கட்சி சாராதவர்கள் என்றே சொன்னார்கள். ஆனால் "எந்தப் பக்கம் சாய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவார்கள், தேர்தலுக்குத் தேர்தல் அதே பக்கம்தான் வாக்களிப்பார்கள். உண்மையிலேயே எந்தப் பக்கமும் சாயாதவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். இதற்கு நேர்மாறானவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் 1970களில் ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் இந்தத் தென் மாநிலங்களில் நெடுங்காலம் அந்த ஒரு கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது, அவருடைய தந்தையும் பாட்டனும் அதில்தான் இருந்தார்கள். ரீகன் காலம் முதல் அதிபர் பதவிக்குக் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வருகிறாராம். பதிவை மட்டும் மாற்றவில்லை. "அப்பா வைத்த பெயரை மாற்றுவதா?" என்று என்னிடம் கேட்டார். அதைக் கேட்டபோது நீங்களே எதிரில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

கட்சி இல்லாத வாக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு நான் கண்டதைச் சொல்கிறேன். நம் ஊரில் யார் வேட்பாளர் என்பதைத் தலைமைக் கழகம் முடிவு செய்யும். விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் முடிந்து பட்டியல் வரும் இரவில் நீங்கள் தொலைக்காட்சி முன் தூங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே பிரைமரி என்னும் தேர்தலை நடத்தி வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சியில் பதிந்தவர் தம் கட்சித் தாளில்தான் வாக்களிக்க முடியும். பல மாநிலங்களில் சார்பற்றவர்களை அதில் சேர்ப்பதே இல்லை. இந்த மாநிலத்திலோ எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. மார்ச் மாதம் நான் போனபோது மேசையில் இருந்த அம்மையார் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சியின் தாள் வேண்டும்?" என்று கேட்டார். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. குடியரசுக் கட்சித் தாள் வேண்டும் என்றேன். காரணம் உங்கள் பேத்தி. மாநிலப் பள்ளிக் கல்விக்குத் தலைவரை இங்கே மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்த கேத்தரின் ட்ரூயிட் மீண்டும் வர வேண்டும் என்று விரும்பினேன். தம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்த மிஷெல் மாரோ அவரைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே தோற்கடித்துவிட்டார். நவம்பரில் நான் மறுபக்கம் போய், முன்பு கில்ஃபோர்டு மாவட்டப் பள்ளிகளை நடத்திய மோ கிரீனுக்கு வாக்களித்தேன். அவர் வென்றார்.

அக்டோபரில் முன்கூட்டியே வாக்களிக்கும் நாள்களில் போய்விட்டேன். விரலில் மை கிடையாது, பொத்தான் கிடையாது, சின்னமும் கிடையாது. நீளமான காகிதத்தில் பெயருக்கு அருகில் உள்ள முட்டை வடிவத்தைப் பேனாவால் நிரப்பி இயந்திரத்தில் விட வேண்டும். அதிபர் தொடங்கி வேளாண்மை ஆணையர், நீதிபதிகள் வரை ஒரே தாளில் இருக்கிறார்கள். நீதிபதிகளின் பெயருக்குப் பக்கத்திலும் கட்சி அச்சிடப்பட்டிருந்ததைப் பார்த்து எனக்கு மனம் ஒப்பவில்லை. நடுவராக உட்கார வேண்டியவருக்குக் கொடி எதற்கு? முன்பெல்லாம் தாளின் மேலே கட்சிப் பெயரில் ஒரு குறி இட்டாலே அந்தக் கட்சிக்காரர் பலருக்கும் வாக்குப் போய்விடுமாம். 2013இல் வந்த சட்டத்தால் அந்த வசதி நின்றுபோனதால், இப்போது ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்கத்தான் வேண்டும். விளைவு என்ன தெரியுமா? அதிபருக்கு டிரம்பைத் தேர்ந்த இதே மாநிலம், ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டெயினை ஏறத்தாழ 55 சதவீத வாக்குகளோடு தேர்ந்தெடுத்தது. மாநில அளவிலான பத்து நிர்வாகப் பதவிகளில் ஆளுக்கு ஐந்து. மாநில உச்ச நீதிமன்ற இடம் ஒன்றில் ஐம்பத்தைந்து லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 734தான். இருமுறை மறு எண்ணிக்கை முடிந்த பிறகும் வழக்கு தொடர்ந்தது.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2019 ஏப்ரல் 18ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். மக்களவைத் தேர்தலில் தேனி ஒன்றைத் தவிர எல்லாம் போயிற்று. ஆனால் அதே நாளில் பதினெட்டுத் தொகுதிகளிலும் அடுத்த மாதம் நான்கிலும் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் உங்கள் கட்சிக்கு ஒன்பது கிடைத்தது. எடப்பாடியாரின் ஆட்சி நிலைத்ததற்கு அந்த ஒன்பதுதான் காரணம். ஒரே வாக்குச்சாவடியில் ஒரு பொத்தானை ஒரு பக்கத்துக்கும் மறு பொத்தானை மறு பக்கத்துக்கும் அழுத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள். 2021இல் சேலம் மாவட்டத்தின் பதினோரு தொகுதிகளில் பத்தை உங்கள் கூட்டணிக்குக் கொடுத்த ஊர், மூன்றே ஆண்டில் மக்களவைத் தொகுதியை மறு பக்கத்துக்குக் கொடுத்தது. படிவத்தில் கட்டம் இல்லையே தவிர, நம் ஊரிலும் சார்பற்றவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கட்சியை ஒருமுறை காப்பாற்றியவர்களும் அவர்களே.

ஆனால் கட்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பழைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன் 1926இல் எந்தக் கட்சியும் சாராமல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார் என்பதை எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். ஆங்கிலேய அரசு அனுப்பிய சைமன் குழு விவகாரத்தில் அவருடைய அமைச்சர்கள் இருவர் விலகியதும் நீதிக்கட்சி தோள் கொடுத்துத்தான் அந்த ஆட்சி நின்றது. இங்கேயும் வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் சுயேச்சைதான், ஆனால் அவையில் அவர் சேர்ந்து இயங்குவது ஜனநாயகக் கட்சியோடு. 1992இல் ராஸ் பெரோ தனியாக நின்று நூற்றுக்குப் பத்தொன்பது வாக்குகளை வாங்கினார். ஆனால் மாநில வாரியாக எண்ணி அதிபரைத் தேர்வு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே எல்லாம் என்ற முறையில் மூன்றாமவருக்கு இடம் இல்லை. 2006இல் நம் மாநிலத்தில் விஜயகாந்த் கட்சி நூற்றுக்கு எட்டுக்கு மேல் வாங்கியும் விருத்தாசலம் ஒன்றில்தான் வென்றது. நம் ஊரில் அப்படிப்பட்டவரை அடுத்த தேர்தலில் கூட்டணியில் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே அந்த வழக்கம் அரிது, அதனால் மூன்றாமவர் வாடிப்போகிறார்.

கட்சிப் பெயரை நம்பி வாக்களிப்பவரை ஏமாற்றுவது எனக்கும் பிடிக்காது. 2023 ஏப்ரலில் ஷார்லட் பகுதியிலிருந்து ஜனநாயகக் கட்சியின் பெயரில் தேர்வான மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், பதவியேற்ற சில மாதங்களில் குடியரசுக் கட்சிக்குப் போனார். அந்த ஒருவரால் ஜனநாயகக் கட்சி ஆளுநரின் மறுப்பாணையைத் (வீட்டோவைத்) தள்ளும் பலம் அவையில் எதிரணிக்குக் கிடைத்தது. நம் நாட்டில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அவருடைய பதவியைப் பறித்திருக்கும். இங்கே அவரை யாரும் அசைக்க முடியவில்லை. வாக்காளர் மாறலாம், வாங்கிய வாக்கை எடுத்துக்கொண்டு உறுப்பினர் மாறக் கூடாது என்பதே என் எண்ணம். இதில் நான் உங்கள் கட்சிதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தாத்தா இறந்த இரவில் பந்தலும் நாற்காலியும் கேட்காமலே வந்து இறங்கின. அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது வண்டியோடு ஓடி வந்தவர்கள் உங்கள் வட்டத்து ஆட்கள். இங்கே கட்சி எனக்குத் தெரிவது அக்டோபரில் கதவிடுக்கில் செருகிய துண்டுத்தாளாகவும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியாகவும் மட்டுமே. சார்பற்றவளாக இருப்பதில் எனக்குக் கிடைத்த சுதந்திரம் பெரிது. அதில் நான் இழந்தது அந்த நாற்காலிகளைக் கொண்டுவந்த ஆட்களை. இந்த இழப்பை உங்களிடமன்றி வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

வரும் அக்டோபரில் எங்கள் கேரி நகர மன்றத் தேர்தல். தாளில் கட்சிப் பெயர் இராது, நம் ஊராட்சித் தலைவர் தேர்தலைப் போல. வாக்குச்சாவடியில் உதவியாளராக உட்கார விண்ணப்பிக்கப் போகிறேன். கட்சியின் பூத் ஏஜெண்டாக நீங்கள் காலை ஐந்தரைக்கே கிளம்பி, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு போய் உட்காருவீர்களே, அங்கே முதல் ஒரு மணி நேரத்தில் எதையெல்லாம் கவனிப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் தறிக்கூட்டாளியையும் கேட்டு எழுதுங்கள். எதிரில் வேறு கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருப்பவரோடு நாள் முழுதும் எப்படிப் பேசிக்கொண்டிருப்பது என்பதில் உங்களைவிட அவர் கெட்டிக்காரர் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் அன்பு மகள்