பன்றிக்குப் பீரங்கி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் காட்டுப்பன்றி வேட்டை பற்றி வந்த கட்டுரையைத் தென்காசியிலிருந்து என் மைத்துனர் அனுப்பியிருந்தார். "அத்தான், உங்க ஊரைப் பத்திப் போட்டிருக்காங்க" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் டெக்சாஸில், பிரையன் நகரத்துக்கு வெளியே, பிராசஸ் ஆற்றுப் படுகையை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன். கட்டுரையில் பன்றியின் அட்டகாசத்தைச் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் லீவர் ரைபிள் வாங்குபவர்கள் .45-70 போன்ற பெரிய தோட்டாவைத்தான் எடுக்க வேண்டும், சின்னதெல்லாம் பன்றியைக் கோபப்படுத்தத்தான் உதவும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஹூஸ்டனில் இருக்கும் நம் தம்பிகள் இரண்டு பேர் என்னிடம் விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கௌபாய் படங்களில் குதிரைக்காரன் கையில் வருமே, அதுதான் லீவர் ரைபிள். டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளித் திரும்ப இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு தெறித்து, அடுத்த தோட்டா உள்ளே ஏறும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டியதில்லை. எங்கள் படுகையில் யோப்பான் என்ற முரட்டுப் புதர் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பன்றி கண்ணில் படுவதே நாற்பது ஐம்பது கஜத்தில்தான். ஒரு வெடிச் சத்தம் கேட்டால் கூட்டம் நாலா பக்கமும் சிதறும். அந்த இடத்துக்குக் குட்டையாகவும் தட்டையாகவும் இருக்கிற லீவர் ரைபிள் பொருத்தமான சாமான். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இங்கே இரவில் பன்றி சுடுகிறவர்கள் பெரும்பாலும் உடல் சூட்டை வைத்து இருட்டிலும் காட்டுகிற தெர்மல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய, அடுத்த தோட்டா தானாக ஏறும் ஏஆர்-15 ரைபிள்தான் வைத்திருக்கிறார்கள். லீவர், விடியலுக்கும் அந்திக்கும் நடந்து போகிறவனுடையது.

சரி, காலிபர், அதாவது தோட்டாவின் பருமன். 30-30 தோட்டா 1895-இல் வந்தது. அதன் வழக்கமான 170 கிரெயின் குண்டு சுமார் 11 கிராம் எடை. குழலை விட்டு நொடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்பும். 150 கஜம் வரை எந்தப் பன்றிக்கும் அது போதும். போதவில்லை என்று சொல்கிறவர்களிடம், எங்கே அடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிய ஆண் பன்றியைத் தோலுரித்தவர்களுக்குத் தெரியும், அதன் தோள்பட்டையில் ஒரு கேடயம் இருக்கும். கொழுப்பும் அல்ல, எலும்பும் அல்ல. பழைய செருப்புத்தோல் போல வெளிறிய, விறைப்பான ஒரு படலம். ஒன்றோடொன்று முட்டிச் சண்டை போடும்போது கோரைப்பல் உள்ளே இறங்காமல் இருக்க அந்த ஏற்பாடு. புதிதாகத் தீட்டிய கத்தியும் அதில் இரண்டு இழுப்பில் மழுங்கிப்போகும். இதைக் காட்டித்தான் கடைக்காரர்கள் பெரிய காலிபரை விற்கிறார்கள். ஆனால் அறுபது கஜத்துக்குள் நல்ல 30-30 குண்டு அதைத் தாண்டி நுரையீரலுக்குப் போய்விடும். உண்மையான சிக்கல் வேறு. மானைவிடப் பன்றிக்கு இதயமும் நுரையீரலும் கீழேயும் முன்னாலும் இருக்கின்றன. மான் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால், உடம்பின் நடுவில் குறி வைப்பார்கள். அது குடலில் போய் விழும். கொழுப்பு ஓட்டையை அடைத்துக்கொள்வதால் ரத்தத் தடமும் சரியாகக் கிடைக்காது. பன்றி புதருக்குள் போய்க் கிடந்து சாகும். அந்தத் தப்புக்கு .45-70-யும் மருந்தல்ல. முன்னங்காலை ஒட்டி மேலே வந்து, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அடிக்க வேண்டும்.

.45-70 மோசமான தோட்டா என்று சொல்ல வரவில்லை. 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது. இன்றைக்கும் கரடி நடமாடும் அலாஸ்காவில் கையில் இருந்தால் தைரியம் வரும். ஆனால் நம் ஆட்களின் தோளுக்கு அது கொடுக்கும் உதை சாதாரணமல்ல. பத்து தோட்டா சுட்டதும் அடுத்த முறை டிரிகரை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். தோட்டா விலையும் 30-30-ஐப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விளைவு என்ன? வாங்கியவர் பயிற்சி எடுப்பதே இல்லை. அப்புறம், கனமான குண்டு ஒரு பன்றிக்குள் புகுந்து பின்னால் நிற்கிற குட்டிக்கோ, வேலிக்கு அப்பால் மேய்கிற பக்கத்துக்காரர் மாட்டுக்கோ போனால் பதில் சொல்வது யார்?

.44 மேக்னம் நூறு கஜத்துக்குள் நல்ல தோட்டா, உதையும் குறைவு. புதருக்குள்ளேயே வேலை முடிகிறவர்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். .357 எடுத்தால் பெட்டைப் பன்றிக்கும், கூண்டில் மாட்டியதை முடிப்பதற்கும் சரி. தனியாகத் திரியும் பெரிய ஆணுக்கு முன் அதோடு நிற்க எனக்கு மனம் வராது. சோளக்காட்டில் இருநூறு கஜம் தள்ளி அடிக்க வேண்டுமென்றால் .308 தோட்டா ஏற்கும் பிரவுனிங் பிஎல்ஆர் என்ற லீவர் ரைபிள் இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரத்துக்கு ஒரு போல்ட் ஆக்ஷன் (கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள்) மலிவாகவே கிடைக்கும்.

தம்பிகளுக்கு இன்னொன்று. பெரும்பாலான லீவர் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில், முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டைப் போட்டால் உதையின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. அதனால்தான் தட்டை மூக்கு. ஹார்னடி நிறுவனம் ரப்பர் போல மென்மையான முனை வைத்து ஒரு தோட்டா விற்கிறது; அதைத் தவிர வேறு எந்தக் கூர்முனையையும் அந்தக் குழாயில் போடாதீர்கள்.

ரைபிளில் நான் சொல்வது மார்லின் 336. 1948-இலிருந்து வருகிறது. வெற்றுக்கூட்டைப் பக்கவாட்டில் தள்ளுவதால் மேலே ஸ்கோப் மாட்டலாம். பழைய வின்செஸ்டர் 94 கூட்டை மேல்நோக்கித் தள்ளும், ஸ்கோப்புக்கு இடைஞ்சல். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. குழல் ஓரத்தில் 'ஜேஎம்' முத்திரை இருந்தால் அது பழைய மார்லின் ஆலையில் செய்தது; கடைக்காரர் அதற்கென்று கூடுதல் விலை சொல்வார். 2020-இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியபின் வருகிறவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஹென்றி நிறுவனத்து ரைபிள் பளபளப்பானது, வழவழப்பாக ஓடும். ஆனால் பழைய மாடல்களில் தோட்டா நிரப்பக் குழாயை முன்னால் இழுக்க வேண்டும். இருட்டிய நேரத்தில் அது தொல்லை.

டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால், பன்றி சுட வேட்டை உரிமம் வேண்டாம் என்று 2019 செப்டம்பரிலிருந்து சட்டம். கட்டுரையிலும் இதைச் சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டது: எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே மத்திய சட்டம் தடை போடுகிறது. அதற்கு உள்ள விலக்குகளில் நமக்குப் பொருந்துவது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஆக, பன்றிக்கு உரிமம் வேண்டாம், விசாக்காரர் கையில் துப்பாக்கி இருக்க உரிமம் வேண்டும். இதில் விளையாடினால் போவது விசாவோடு நிற்காது.

கடைசிப் பத்தியில், தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் இப்படித் துப்பாக்கி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று முடித்திருந்தார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. இங்கே பன்றி வந்தேறி. ஸ்பானியர்கள் 1539-இல் புளோரிடாவில் இறக்கிய பன்றிகள் தொடங்கி வைத்த கதை. நம் மலையடிவாரத்தில் அது சொந்தக்காரன், புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. அதுவும் போக, துப்பாக்கியால் இங்கேயே தீரவில்லை. டென்னஸி மாநிலம் 1999-இல் யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம் என்று திறந்துவிட்டது. சுடுவதற்குப் பன்றி வேண்டும் என்று ஆட்களே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் புது இடங்களில் விட்டார்கள். ஒரு சில மாவட்டங்களில் இருந்தது எண்பது மாவட்டங்கள் வரை பரவியது. 2011-இல் பன்றி வேட்டையையே தடை செய்தார்கள். ஒரு பன்றியைச் சுட்டால் மீதிக் கூட்டம் உஷாராகி வேறு வயலுக்குப் போகிறது. முழுக் கூட்டமும் உள்ளே வந்தபின் செல்போனிலிருந்தே கதவை இறக்குகிற பெரிய பட்டிக் கூண்டுதான் எங்கள் பக்கம் பயிரைக் காப்பாற்றுகிறது. ரைபிள் அதற்குத் துணை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2025-இல் வந்த ஏற்பாடும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்பதுதான். விவசாயியின் இழப்பீடு ஏன் தாமதமாகிறது என்று கேட்டு நீங்கள் ஒரு கட்டுரை போட்டால் என் மைத்துனர் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

கறி பற்றிய பெட்டிச் செய்தியில் மிளகு வறுவல் குறிப்பு அருமை. கூடவே ஒரு வரி சேர்த்திருக்கலாம்: வெட்டும்போது கையுறை கட்டாயம், புருசெல்லோசிஸ் என்ற நோய் ரத்தத்தின் வழியாக மனிதனுக்கும் தொற்றும். கறியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூடேறும் வரை வேக வேண்டும்.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இருப்பது லீவர் ரைபிள் அல்ல, போல்ட் ஆக்ஷன். அடுத்த முறை பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பிரையன், டெக்சாஸ்