எடை குறைந்த பின் தோலுக்கு வரும் துன்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நோயாளி கையெழுத்திடும் முன்பே, எடை குறைந்தபின் தோல் என்னவாகும் என்பதை மருத்துவமனைகள் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். இச்சிகிச்சை செய்துகொண்ட என் தங்கையை உடனிருந்து கவனித்து வருகிறேன்.

பல ஆண்டுகள் இழுபட்டிருந்த தோலில், அதற்கு உறுதியும் மீள்தன்மையும் தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்துவிடுவதால், உள்ளிருக்கும் கொழுப்பு விரைவாகக் கரைந்தாலும் தோல் அதற்கேற்பச் சுருங்குவதில்லை. அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோலைத் தூக்கிப் பார்த்தால், காற்றுப் படாமல் வியர்வையில் ஊறி, செக்கச்செவேலென்று வெந்து, ஓரங்களில் சிறு கொப்புளங்களோடு நீர் கசிந்துகொண்டிருக்கும். பூஞ்சைத் தொற்று சேர்ந்துகொண்டதன் அடையாளம் அது. மார்பின் அடியிலும் தொடை இடுக்கிலும் இதே நிலைதான். நடந்தால் உரசுகிறது, உட்கார்ந்தால் எரிகிறது. வாடை வருமோ என்ற அச்சத்தில் உறவினர் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இதைச் சுத்தக் குறைவு என்று பேசுவது கொடுமை; தவறாமல் கழுவித் துடைப்பவர்களுக்கும் இது வருகிறது.

மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசியதும் அரிப்பு அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும், தொற்றும் பரவும். மடிப்பைத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவதும், நடுவே மெல்லிய பருத்தித் துணி வைத்து நனைந்ததும் மாற்றுவதும், தோல் மருத்துவர் தரும் மருந்தை அவர் சொன்ன நாள்வரை பூசுவதுமே பயன் தருகின்றன. புரதமும் துத்தநாகமும் குறைந்தால் புண் ஆறாது என்பதால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மிகுதித் தோலை அகற்றும் அறுவை சிகிச்சையும் எளிதானதன்று. எடை ஒரே நிலையில் நின்ற பிறகே, பெரும்பாலும் முதல் அறுவை முடிந்து 12 முதல் 18 மாதங்கள் கழித்தே, அதைச் செய்கிறார்கள். அதிலும் நீர் கோத்தல், தையல் பிரிதல், நீண்ட தழும்பு ஆகியவற்றுக்கு இடமுண்டு. இருந்தும், மருந்துக்குக் கட்டுப்படாமல் மீண்டும் மீண்டும் புண்ணாகும் மடிப்பை அகற்றுவதை வெறும் அழகு சிகிச்சையாகக் கருதிக் காப்பீடு மறுப்பது நியாயமன்று.

தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு தங்கள் நாளிதழில் இதுகுறித்து விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி