வெள்ளக்கோட்டு நட்சத்திரங்கள்

பாளையங்கோட்டை,
நவம்பர் 24

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் போதாதா என்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. இங்கிலாந்துக்கு வருகிற பார்சலோடு ஒரு காகிதமும் வரட்டும்.

நேற்று நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "இந்த வருஷம் மரமும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. கட்டில் போட்டது போக நடக்கத்தான் இடம். ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். கிறிஸ்துமஸ் அன்னிக்கும் டூட்டிதான். அலங்காரம் பண்ணி யார் பாக்கப் போறா?"

நம்ம வீட்டில் வாசல் அலங்காரம் என்றைக்கும் அப்பா பொறுப்பு. டிசம்பர் பிறந்தால் மொட்டைமாடியில் நட்சத்திரம் ஏறிவிடும். எனக்குக் கல்யாணமான வருஷம் மூங்கில் பிளாச்சு கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே 60 வாட் பல்பு போட்டார். இரண்டாம் நாள் பேப்பர் கருகிப் பொத்தல் விழுந்தது. அன்றிலிருந்து ஜீரோ வாட். பேருதான் ஜீரோ, அது 15 வாட் இழுக்கும் என்று இன்றைக்கும் விளக்கம் சொல்லுவார். மழைக்கு மேலே ஒரு பாலித்தீன் உறை வேறு. கேரல் ரவுண்ட்ஸ் வருகிற பையன்கள் நின்று பார்த்துவிட்டுப் போனால் அந்த வருஷத்துக்கு அவருக்கு அது போதும்.

டிசம்பர் 24-ம் தேதி ராத்திரி நான் எங்கே இருப்பேன்? அடுக்களையில். ஒரு பக்கம் அச்சு முறுக்கு எண்ணெயில் கிடக்கும், இன்னொரு பக்கம் ஆப்பத்துக்கு மாவு. விடியற்காலை ஆராதனைக்குப் புடவையும் எடுத்து வைத்திருக்க மாட்டேன். முன்ரூம் மரத்தை நான் நிதானமாகப் பார்ப்பதே 26-ம் தேதி, வீடு பெருக்கும்போதுதான். அடுக்களை ஜன்னலுக்கும் ஒரு சீரியல் செட் போடுங்களேன் என்று கேட்டால், "அங்கே யாரு பாக்கப் போறா?" என்பார் உங்கப்பா. அதே கேள்வி. நீ அப்பா மகள்தான்.

ஆனால் நீயே ஒரு தடவை இதற்குப் பதில் சொல்லியிருக்கிறாய், மறந்துவிட்டாய். ஆச்சி படுக்கையில் விழுந்த வருஷம். நீ பத்தாவது படித்தாய். பின்ரூமில் மல்லாந்து படுத்தபடி கிடந்த ஆச்சிக்குத் தெரிந்ததெல்லாம் காத்தாடியும் காரை பெயர்ந்த மச்சும்தான். நீ ஸ்டூல் மேல் ஏறி, தங்கக் காகிதத்தில் பன்னிரண்டு நட்சத்திரம் வெட்டி மச்சில் ஒட்டினாய். ஆச்சி தினம் எண்ணுவாள், தினம் பதிமூன்று வரும். உனக்கும் ஆச்சிக்கும் ஒரே சண்டை. கடைசியில் பார்த்தால் காரை விழுந்த வெள்ளைத் திட்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள்! "அதுவும் அப்படித்தானட்டி இருக்கு" என்றாளே. பொங்கல் கழிந்தும் அதை எடுக்க விடவில்லை.

2023-ஐ நீ வீடியோவில்தான் பார்த்தாய். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகும்போதே மழை, அது நிற்கவேயில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்றால் பார்த்துக்கொள். தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. ராத்திரி நம்ம வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கடியில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் பெட்டியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ரேஷன் கார்டும் அரிசியும்தான் மாடிக்குப் போயின. தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தால் குடில் பொம்மையெல்லாம் களியாகிக் கிடந்தது. யோசேப்புக்குத் தலை இல்லை. எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்து, "அசிசி பிரான்சிஸ் முதல் குடில் வச்சது 1223-லயாம், இந்த வருஷம் சரியா 800. சூசையப்பருக்கா இப்படி ஆகணும்?" என்றாள். யோசேப்பைத்தான் அவள் அப்படிச் சொல்லுவாள். சேறு அள்ளிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சேற்றை அள்ளினோம், தரையைக் கழுவினோம். வீடு முழுக்கச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் போகவில்லை. தேய்த்தால் சுண்ணாம்புதான் வந்தது. ஈரம் காயாமல் பெயிண்ட் அடிக்கவும் முடியாது. 23-ம் தேதி ராத்திரி பரணில் தேடினேன். பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று நனையாமல் இருந்தது. தங்க எழுத்து வருகிற மாதிரி நட்சத்திரமாக வெட்டி அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாக ஒட்டினேன். ஈரச் சுவரில் டேப் நிற்கவில்லை, சோற்றுப் பருக்கைதான் பிடித்தது. அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "கண்ணுக்கு நேரா ஒட்டுவாங்க, இது யாருக்கு?" அவர் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் குட்டிப்பயல் தவழ்ந்து வந்து ஒரு நட்சத்திரத்தைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டான்.

கோடை வந்ததும் பெயிண்ட் அடித்துவிட்டோம், கோடு மறைந்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் அதே முழங்கால் உயரத்தில் ஒரு வரிசை ஒட்டுகிறேன். வருகிறவர்கள் ஏன் இவ்வளவு கீழே என்று கேட்பார்கள். விருப்பமிருந்தால் கதை சொல்லுவேன், இல்லையென்றால் காப்பி கொடுப்பேன்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். லீட்ஸில் டிசம்பர் கடைசியில் மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடும் என்றாய். அப்படியானால் நீ வெளிச்சத்தில் வீட்டைப் பார்ப்பதே அபூர்வம். மரம் வைக்கிற இடத்தை விடு. பூட்டைத் திறந்ததும் உன் கண் எங்கே போகிறது? செருப்பைக் கழற்றும்போது எதைப் பார்க்கிறாய்? அங்கே வை. நட்சத்திரம் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருந்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பார்சலில் பனையோலை நட்சத்திரம் இருபது வைத்திருக்கிறேன். மணப்பாடு ஊரில் செய்தது, குருத்தோலை, எடையே இல்லை. ஆணி வேண்டாம், நீ சொன்ன அந்த நீலக் களி மாதிரிப் பசை போதும். இரண்டைக் கதவின் உள்பக்கம் ஒட்டு, டூட்டிக்குக் கிளம்பும்போது தெரியும். ஒன்று குளியலறைக் கண்ணாடி ஓரத்தில். அரிசி டப்பா வைக்கிற அலமாரிக் கதவுக்கு உள்ளேயும் ஒன்று. பசியோடு திறக்கும்போது அது உன்னைப் பார்க்கட்டும். மிச்சத்தில் பதிமூன்றைக் கட்டிலுக்கு நேர் மேலே ஒட்டு, ஆச்சி கணக்குப்படி. ஹீட்டர் பக்கம் மட்டும் வேண்டாம், ஓலை சருகாகிவிடும். மெழுகுவர்த்தியும் வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். அங்கே லேசாகப் புகைந்தாலே அலாரம் கத்தும் என்று நீதானே சொன்னாய்.

அடுக்களை ஜன்னல் திண்டில் வெந்தயம் போடு. ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து, ராத்திரி ஊறவைத்ததைத் தூவி, தினம் தண்ணீர் தெளி. இங்கே நாலைந்து நாளில் குடிலுக்குப் பச்சை விரித்த மாதிரி எழும்பிவிடும். அங்கே குளிருக்குத் தாமதமாகும், 14-ம் தேதியே போட்டுவிடு. பொம்மை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பண்டிகை முடிந்ததும் பருப்பில் போட்டுக் கடைந்து சாப்பிடு.

அச்சு முறுக்கு அனுப்பவில்லை, தூளாகித்தான் வந்து சேரும். முந்திரிக்கொத்து இருக்கிறது. வார்டில் எல்லோருக்கும் கொடு, எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே.

இன்னும் எழுதுவேன், ஆனால் அடுக்களையில் உங்கப்பா ஸ்டூல் மேல் நிற்கிறார். நேற்று ஸ்பீக்கரில் நீ பேசியதையும், அதற்கு நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். காலையிலேயே பழைய சீரியல் செட்டை என் ஜன்னலில் கட்டிவிட்டார். ஒரு பல்பு போய்விட்டது போல, மொத்தமும் எரியவில்லை. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிறார். அடுத்து காலை எடுத்து அஞ்சறைப்பெட்டி மேல்தான் வைக்கப் போகிறார். போகிறேன்.

அம்மா