ரெட் ரெட் சமைக்கச் சிவப்புப் பாமாயில் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் சமையல் பக்கத்தில் கானா நாட்டு ரெட் ரெட், அதாவது காராமணிக் குழம்பும் பொரித்த வாழையும் சேர்ந்த சாப்பாடு, வந்ததைப் பார்த்து ரொம்ப சந்தோஷம், ஆனால் சாதாரண சமையல் எண்ணெயே போதும் என்று எழுதியிருந்ததை மட்டும் ஏற்க முடியவில்லை. சுத்திகரிக்காத சிவப்புப் பாமாயில்தான் அந்தக் காராமணிக் குழம்புக்கு நிறமும் மணமும். அதில் வெங்காயம், இஞ்சி, மிளகாய் வதக்கி, தக்காளி சுண்டி எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை பொறுமையாக விட்டு, அப்புறம்தான் வேகவைத்த பயறைப் போட வேண்டும், கொஞ்சத்தை மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். கருவாடோ புகையூட்டிய மீனோ சேர்ப்பவர்களும் உண்டு.

இன்னொன்று வாழை. காய் எடுக்கக் கூடாது. பிளான்டைன் என்ற அந்தச் சமையல் வாழை தோலில் கறுப்புப் புள்ளி விழும் அளவுக்குப் பழுத்திருந்தால்தான் பொரிக்கும்போது ஓரம் சிவந்து இனிக்கும், அந்த இனிப்பும் குழம்பின் காரமும் சேர்வதுதானே இந்தச் சாப்பாடே! மேலே தூவுகிற காரியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்துப் பிழிந்து வறுத்த மாவை, நீங்கள் சொல்லவே இல்லை. அடுத்த முறை அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி