மேபலைப் பற்றி சாப்ளினுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சாப்ளின் ஐயா,

வணக்கம். உங்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். இது வேறு. எனக்கு மௌனப் பட நடிகை மேபல் நார்மண்டைப் பற்றிப் பேச வேண்டும். அவரோடு நடித்தவர், சண்டை போட்டவர், பிறகு அவரைப் பற்றிப் புத்தகத்திலும் எழுதியவர் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் இல்லை, அவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பக்கம் உங்களைத் தெரியாத வீடு கிடையாது. பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி வைத்தால், ஒட்டு மீசையும் பிரம்புமாக ஒரு குட்டி சாப்ளின் மேடையேறாமல் இருக்க மாட்டான். மேபல் என்றால் ‘யாரு?’ என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மீசை, தொப்பி, தொளதொளத்த கால்சட்டையோடு நீங்கள் முதல்முதலாகக் கேமராவுக்கு முன்னால் நின்றதே மேபலின் படம் ஒன்றில்தான். ஓட்டல் வரவேற்பறையில் நீங்கள் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறீர்கள். இரவு உடையோடு அறைக்கு வெளியே மாட்டிக்கொண்ட பெண்ணாக மேபல். அதை இயக்கியதும் அவர்தான் என்று இன்றைய சினிமா ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கடலோரத்தில் சிறுவர் வண்டிப் பந்தயத்தின்போது எடுத்த இன்னொரு சின்னப் படம் 1914 பிப்ரவரி 7 அன்று, இரண்டு நாள் முந்தி வெளியாகிவிட்டது. அதனால் மீசையும் தொப்பியுமான அந்த நாடோடி அங்கே பிறந்தான் என்று எழுதிவிடுகிறார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

அது கார் பந்தயப் படம், ‘மேபல் அட் த வீல்’. நீங்கள் வில்லன். கதாநாயகியும் மேபல், அன்றைக்கு உங்களை இயக்கியவரும் மேபல். தெருவில் ரப்பர் குழாய் பிடித்துத் தண்ணீர் விடும் காட்சி. குழாயை நீங்களே தெரியாமல் மிதித்துக்கொண்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று முனையை உற்றுப் பார்க்க, காலை எடுத்ததும் முகத்தில் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்று ஒரு யோசனை சொன்னீர்கள். நேரமில்லை, சொன்னதைச் செய்யுங்கள் என்றார் அவர். முடியாது என்று தெருவோரத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். (அந்தக் குழாய் வேடிக்கையை லூமியர் சகோதரர்கள் 1895-லேயே படம் பிடித்துக் காட்டிவிட்டார்கள். உங்கள் ரசிகனாக இருந்தும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.) உங்களுக்கு அப்போது 24 வயது, அவருக்கு 21.

அரை நூற்றாண்டு கழித்து, 1964-இல் வந்த சுயசரிதையில் இதையெல்லாம் நீங்களே சொல்கிறீர்கள். மேபல் அழகானவர், அன்பானவர், எல்லாருக்கும் பிடித்தவர் என்கிறீர்கள். ஆனால் இயக்குநராக அவருக்குத் தகுதி இருந்ததா என்பதில் சந்தேகம் என்றும் எழுதுகிறீர்கள். கூட நின்ற துணை நடிகர்கள் சிலர் உங்களை அடிக்கக் கிளம்பியதையும், மேபல்தான் தடுத்தார் என்று பிறகு தெரியவந்ததையும் அதே இடத்தில் சொல்கிறீர்கள். படப்பிடிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்த புது நடிகனை அடி விழாமல் காப்பாற்றி, மிச்சக் காட்சிகளையும் எடுத்து முடிக்கிற ஆளுக்கு என்ன பெயர் என்று உங்களைக் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2010-இல் நியூசிலாந்துத் திரைப்படக் காப்பகத்தில் பழைய அமெரிக்க மௌனப் படங்கள் நிறையக் கிடைத்தன. உலகத்தைச் சுற்றி வந்த பிரதிகளுக்கு அந்த நாடுதான் கடைசி நிறுத்தம். திருப்பி அனுப்பக் கப்பல் செலவு கட்டாது என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். அப்படித் தங்கியதில் ஒன்று ‘வன் இன் எ க்ளாசட்’. மேபல் நடித்து இயக்கியது. அவர் இயக்கியதாக இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றில் இதுதான் மிகப் பழையது. வெளியானது 1914 ஜனவரியில், உங்கள் முதல் படம் திரைக்கு வருவதற்கும் முன்னால். அதாவது உங்களுக்குச் சினிமா புதிதாக இருந்தபோது, அவருக்கு அது பழகிய வேலை.

எவ்வளவு பழகிய வேலை என்பது அவருடைய கதையைப் பார்த்தால் புரியும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்தவர். அப்பா தச்சர், வயதான மாலுமிகளுக்கான இல்லம் ஒன்றில் வேலை. பதின்வயதிலேயே மேபல் படகேறி நகரத்துக்குப் போய், சார்லஸ் டானா கிப்சன் போன்ற பத்திரிகை ஓவியர்களுக்கு மாடலாக நின்று சம்பாதித்தார். அங்கிருந்து பயோகிராஃப் படக் கம்பெனி, இயக்குநர் கிரிஃபித்தின் கூடாரம். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த மாக் சென்னட் 1912-இல் கீஸ்டோன் கம்பெனியை ஆரம்பித்தபோது மேபலையும் கலிபோர்னியாவுக்கு அழைத்துப்போனார். அந்தக் கம்பெனியின் முதல் வெளியீட்டிலேயே நீச்சல் உடையில் தண்ணீரில் பாய்கிறார் மேபல். அதே ஆண்டு வந்த இன்னொரு படத்தில் நிஜ விமானத்தில் ஏறிப் பறந்தார். விமானம் என்றால் அன்றைக்கு மரச்சட்டம், துணி, கம்பி, அவ்வளவுதான். அதை ஓட்டிய பிலிப் பார்மலீ, படம் திரைக்கு வருவதற்குள் வேறொரு விபத்தில் இறந்துபோனார். தண்டவாளத்தில் கட்டிப்போட்ட பெண், ரயிலோடு போட்டி போட்டு ஓடிவரும் கார் என்று எத்தனையோ பேர் கிண்டலாக வரைகிற அந்தக் காட்சி இருக்கிறதே, 1913-இல் அப்படிக் கட்டிப்போடப்பட்டவர் மேபல்தான். சினிமாவில் ஒருவர் முகத்தில் முதல்முதலாக ‘பை’ (pie) என்ற கேக் மாதிரிப் பண்டத்தை வீசியவரும் இவரே என்று சொல்வார்கள். அதை நான் அப்படியே நம்புவதில்லை. சினிமாவில் எதையும் முதலில் செய்தவர் என்று நாலு பேராவது இருப்பார்கள்.

எனக்கு இந்தச் சாகசங்களைவிட அவர் முகம்தான் பிடிக்கும். கீஸ்டோன் படங்களில் எல்லாரும் கையைக் காலை வீசிக் கண்ணை உருட்டுவார்கள். ஆரம்பத்தில் நீங்களும் அப்படித்தான். மேபல் பாதி நேரம் சும்மா நிற்பார். ஒரு யோசனை தோன்றி, அது சரிப்படுமா என்று பார்த்து, சரி செய்துதான் பார்ப்போமே என்று துணிவது வரை ஒவ்வொன்றாக அந்தப் பெரிய கண்களில் தெரியும். பிறகு ஒரு நொடி கேமராவைப் பார்ப்பார், நாமும் கூட்டாளி என்பதுபோல. 1914 முழுக்க நீங்கள் இருவரும் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து நடித்தீர்கள். அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஆண்டுத் தொடக்கத்துச் சாப்ளினும் ஆண்டுக் கடைசிச் சாப்ளினும் வேறு வேறு ஆட்கள். கேமராவை நேராகப் பார்த்துப் பார்வையாளனைக் கூட்டுச் சேர்ப்பது, அவசரப்படாமல் நிற்பது என்று அந்த மாற்றத்தில் மேபலின் சாயலை நான் பார்க்கிறேன். உங்கள் மேதைமையை அவர் கொடுத்தார் என்று சொல்லவரவில்லை. பக்கத்தில் நின்றவரிடமிருந்து கற்றுக்கொள்வதும் மேதைமையில் ஒரு பகுதிதானே.

தெருவோரச் சண்டையில் ஜெயித்தது நீங்கள்தான். கொதித்துப்போயிருந்த சென்னட், மறுநாள் திடீரென்று இறங்கி வந்தார். சாப்ளின் படங்கள் இன்னும் வேண்டும் என்று நியூயார்க்கிலிருந்து தந்தி வந்திருந்தது. படம் விலைபோகாவிட்டால் என் சேமிப்பு 1,500 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இயக்கும் உரிமையை வாங்கினீர்கள். வாரம் 150 டாலருக்கு வந்தவர், ஆண்டு முடிவில் 1,250 டாலருக்கு வேறு கம்பெனிக்குப் போனீர்கள். 1919-இல் நடிகர்கள் பிக்ஃபோர்ட், ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் கிரிஃபித் மூவரோடு யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் படக் கம்பெனியைத் தொடங்கினீர்கள். சொந்த ஸ்டூடியோ, சொந்த நெகட்டிவ், அதாவது படத்தின் உரிமையும் உங்கள் கையில்.

மேபலுக்கும் 1916-இல் ஒரு ஸ்டூடியோ கட்டினார்கள், மேபல் நார்மண்ட் ஃபீச்சர் ஃபிலிம் கம்பெனி என்று. பலகையில்தான் அவர் பெயர். அங்கே எடுத்த ‘மிக்கி’ பெட்டியிலேயே கிடந்து, 1918-இல் வெளியாகி நாடு முழுக்க ஓடியது. அந்தப் பெயரில் ஒரு பாட்டு எழுதி, மேபல் படத்தை அட்டையில் போட்டு விற்றார்கள். படத்தின் உரிமை அவர் கையில் இல்லை. அதற்குள் அவர் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினிடம் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் பேட்ஸ் அவென்யூவில் அந்தக் கட்டடம் இப்போதும் இருக்கிறது. பெயர் மட்டும் மாக் சென்னட் ஸ்டூடியோஸ் என்று ஆகிவிட்டது.

நெகட்டிவ் யாரிடம் என்பதை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1921 செப்டம்பரில் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் ஒரு நடிகையின் மரண வழக்கில் மாட்டினார். மேபலோடு நிறையப் படங்களில் ஜோடியாக நடித்த அதே குண்டு மனிதர். மூன்றாவது விசாரணையில் ஜூரிகள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு விடுவித்தார்கள். ஆனாலும் படங்கள் திரையிலிருந்து போய்விட்டன. அவற்றோடு மேபலும் போனார். வழக்கு முடிவதற்குள், 1922 பிப்ரவரி 1 மாலை, இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரின் வீட்டுக்குப் புத்தகம் வாங்கப் போனார். டெய்லர் கார் வரை வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் வேலைக்காரர் பார்த்தது சுட்டுக் கொல்லப்பட்ட உடலை. கொலையாளி இன்றுவரை பிடிபடவில்லை. மேபல் மேல் போலீஸ் குற்றம் சாட்டவில்லை. டெய்லரைக் கடைசியாகப் பார்த்தவர் என்ற ஒன்று பத்திரிகைகளுக்குப் போதுமானதாக இருந்தது. 1924 புத்தாண்டு நாளில் அடுத்தது. பணக்காரர் ஒருவரின் வீட்டில் மேபல் இருந்தபோது, மேபலின் கார் ஓட்டுநர், மேபலின் துப்பாக்கியாலேயே அந்தப் பணக்காரரைச் சுட்டுவிட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். அந்த வீட்டில் உங்கள் கதாநாயகி எட்னா பர்வயன்ஸும் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எட்னா இறந்த 1958 வரை உங்கள் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதற்காக உங்களை எப்போதும் மதிப்பேன். மேபலுக்கு அப்படி ஒரு கம்பெனி இல்லை. நீங்களும் பழிச்சொல் கேட்காதவர் இல்லையே. 16 வயதுப் பெண்ணோடு கல்யாணம், 1927-இல் ஊரே வேடிக்கை பார்த்த விவாகரத்து. மேபல் மேல் வந்ததைவிட அது ஒன்றும் லேசான விஷயம் இல்லை. ஆனால் உங்களை வேலையை விட்டு அனுப்ப யாராலும் முடியாது, முதலாளியே நீங்கள்தான்.

மேபல் 1926-இல் தயாரிப்பாளர் ஹால் ரோச்சிடம் சில சின்னப் படங்கள் செய்தார். அந்த ஆண்டே நடிகர் லூ கோடியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் காசநோய் முற்றிவிட்டிருந்தது. அதைக் குணமாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடிக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்து என்றால் ஓய்வு, சாப்பாடு, மலைக்காற்று. மன்ரோவியாவில் இருந்த பாட்டஞ்சர் சானடோரியத்தில் 1930 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 37. அதற்குள் சினிமா பேச ஆரம்பித்துவிட்டது. பேசும் படம் ஒன்றில்கூட அவர் நடிக்கவில்லை.

நீங்கள் 88 வயது வரை வாழ்ந்தீர்கள். 1972-இல் ஆஸ்கர் மேடையில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த மரியாதை உங்களுக்கு உரியதுதான். சென்னட்டும் 1954-இல் தன் கதையைப் புத்தகமாகப் போட்டார், மேபலை மறக்கவே முடியாத காதலன் என்ற வேடத்தில். உங்கள் இருவர் புத்தகங்களிலிருந்துதான் இத்தனை காலம் மேபலை எடுத்து எழுதினார்கள். ஒருவருக்கு அவர் கை நழுவிய காதலி, இன்னொருவருக்கு வேலை தெரியாத அழகி. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிதி நிகழ்ச்சிக்குப் போனபோது முத்தம் கொடுத்ததையும், நமக்குள் ஒத்துவராது என்று அவர் சிரித்தபடி மறுத்ததையும்கூட எழுதியிருக்கிறீர்கள். அவர் எழுதியிருந்தால் அந்தக் குழாய்ச் சண்டை வேறு மாதிரி இருந்திருக்கும். அநேகமாக இன்னும் சிரிப்பாக.

இப்போதெல்லாம் நண்பர்களிடம் மேபலை ‘தி எக்ஸ்ட்ரா கேர்ள்’ படத்திலிருந்து பார்க்கச் சொல்கிறேன். 1923-இல் வந்தது, பழிச்சொற்களுக்கு நடுவில் எடுத்தது. நடிகையாகும் ஆசையில் ஹாலிவுட் வந்து, உடைகள் வைக்கும் அறையில் வேலைக்குச் சேருகிற கிராமத்துப் பெண் கதை. அதில் ஒரு நிஜச் சிங்கத்தை, வேஷம் போட்ட நாய் என்று நினைத்துக் கயிற்றில் கட்டி ஸ்டூடியோ முழுக்க இழுத்துக்கொண்டு போகிறார். எல்லாரும் அலறி ஓடுகிறார்கள். இவர் மட்டும், இந்த ஆட்களுக்கு என்ன வந்தது என்று எரிச்சலோடு கயிற்றை இழுக்கிறார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் படங்களுக்கு நான் சிபாரிசு செய்ய வேண்டிய தேவை இல்லை, அதனால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன், மேபலுக்கும்