நகர மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்: எங்கள் பெஞ்சைத் திரும்பப் போடுங்கள்

மதிப்பிற்குரிய நகர மன்றப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் விளையாட்டுத் திடலை ஒட்டித் தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்த பெஞ்சு பற்றித்தான் எழுதுகிறேன் என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். செயலியில் தெரிவித்தேன், கருத்துக்கு நன்றி சொல்லிக் கோப்பை மூடிவிட்டீர்கள். மின்னஞ்சல் அனுப்பினேன், குடியிருப்பாளர்களின் கருத்தை ஏற்று, அனைவருக்கும் இனிமையான சூழல் அமைய வேண்டும் என்பதற்காகப் பெஞ்சு அகற்றப்பட்டதாகப் பதில் வந்தது. அந்த அனைவரில் நான் சேர்த்தியில்லை போலிருக்கிறது. ஆகவே ஊரறியக் கேட்கிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பெஞ்சை இருந்த இடத்திலேயே திரும்பப் போடுங்கள்.

என் மருமகள் தாதி. மகனுக்குத் துவாஸில் வேலை. இருவருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும். பேத்திக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. மாலையில் அவளைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, பால் கொடுப்பது, கீழே விளையாட விடுவது எல்லாம் என் பொறுப்பு. மைலோவும் என் பொறுப்புதான். மைலோ எங்கள் வீட்டு ஷிட்ஸு நாய், பேத்திக்கு மூத்தவன். குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததுமே, நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் அறிவுரை சொன்னார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. இன்று அவள் தன் ரொட்டியில் பாதியை அவனுக்கு ஊட்டாமல் தான் தின்பதில்லை. என்னிடம் தமிழில் பேசுகிறாள், அவனிடம் ஆங்கிலத்தில் பேசுகிறாள். மைலோவுக்குத் தமிழ்தான் புரியும் என்பது வேறு விஷயம்.

இருவரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். மத்தியானத்திலிருந்து அடக்கிக்கொண்டு கதவருகே படுத்திருக்கும் நாயை, பிள்ளை விளையாடி முடிக்கும்வரை பொறு என்று சொல்ல முடியாது. அவனை மேலே விட்டுவிட்டுப் போனால் குரைப்பான். கீழ்வீட்டில் இருப்பவர் இரவு வேலைக்குப் போகிறவர். அந்த நேரத்தில்தான் கண்ணயர்வார். பிள்ளையை மேலே தனியாக விடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆக, ஒரு கையில் பேத்தி, மறு கையில் வார், தோளில் பை. பைக்குள் பேத்தியின் தண்ணீர்ப் புட்டி, மைலோ சிறுநீர் கழித்த இடத்தைக் கழுவ இன்னொரு புட்டி, அவன் மலத்தை அள்ளப் பிளாஸ்டிக் பைகள். இரண்டு புட்டிகளும் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை.

விளையாட்டுத் திடலுக்குள் நாய்க்கு அனுமதியில்லை. நல்ல விதி. பிள்ளைகள் தவழும் ரப்பர் தரையில் நாய் கால் வைக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெஞ்சு ரப்பர் தரைக்கு வெளியே இருந்தது. அங்கே உட்கார்ந்தால் சறுக்குமரமும் ஏணியும் முழுதாகத் தெரியும். வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால் மைலோ பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொள்வான். அவள் ஏறி நின்று "பாட்டி, பார்" என்பாள். பார்த்தேன் என்பேன். மாலை நல்லபடியாகக் கழிந்தது.

இப்போது நிற்கிறேன். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள் நான். உட்கார வேண்டுமென்றால் கீழ்த்தளத்துக் கல் இருக்கைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தூண் தெரிகிறது, பேத்தி தெரிவதில்லை.

சென்ற மாதம் ஒருநாள் அவள் ஏணியின் மேல்படிவரை ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் அழ ஆரம்பித்தாள். கூப்பிடு தூரத்தில் நிற்கிறேன். ஆனால் ரப்பர் தரையின் விளிம்பைத் தாண்ட வேண்டுமானால் நாயோடு தாண்ட வேண்டும். வாரை விட்டுவிட்டு ஓடலாம் என்றால், பொது இடத்தில் நாய் வாரில்லாமல் இருப்பது குற்றம். அதற்குள் பக்கத்துப் புளோக்கில் வேலை செய்யும் பணிப்பெண் ஒருத்தி தன் பொறுப்பில் இருந்த குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துவிட்டு ஏறிப்போய் இவளை இறக்கிக் கொண்டுவந்தாள். பிள்ளையை வாங்கக் கை நீட்டியபோது மைலோவின் முன்னங்கால்கள் ரப்பர் தரைமேல் பட்டிருக்கின்றன. அதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து, நாய்களை விளையாட்டுத் திடலுக்குள் கொண்டுவராதீர்கள் என்ற அறிவிப்பு மின்தூக்கிக்குள் ஒட்டப்பட்டிருந்தது. படத்தில் நாயின் கால் இருந்தது. அழுத பிள்ளை இல்லை.

உரிமம் இல்லாத நாயை வளர்ப்பவள் அல்ல நான். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது அதற்கென உள்ள திட்டத்தின் கீழ்த் தத்தெடுத்த கலப்பினமாக இருக்க வேண்டும். ஷிட்ஸு அந்தப் பட்டியலில் இருக்கிறது. கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி (டாலர்) உரிமக் கட்டணம், தவறாமல் கட்டுகிறோம். தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருக்கிறது. பூனைகளுக்கே 2024 செப்டம்பரில் வீவக கதவைத் திறந்துவிட்ட நாட்டில், காலங்காலமாக அனுமதி பெற்ற சிறு நாய் ஒன்று பெஞ்சுக்கு அடியில் படுப்பது பெரிய குற்றமாகத் தெரியவில்லை எனக்கு.

நாய்களுக்கென்றே வேலியிட்ட திடல்கள் இருக்கின்றனவே என்பீர்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒன்று, வெஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒன்று, இன்னும் சில. இருக்கட்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் வழிகாட்டி நாயைத் தவிர வேறு நாயை ஏற்ற முடியாது. கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய சிஓஇ உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போய்வந்த ஊரில், எங்களைப் போன்ற குடும்பம் நாயைத் திடலுக்குக் கூட்டிப்போகக் கார் வாங்குமா? அப்படியே போய்ச் சேர்ந்தாலும், பெரிய நாய்கள் வாரில்லாமல் ஓடும் இடத்தில் இரண்டு வயதுக் குழந்தையை இறக்கிவிடும் துணிச்சல் எனக்கில்லை.

பெஞ்சைப் பற்றிப் புகார் கொடுத்தவர் யாரென்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யார் யாரென்று நீங்கள் யாரையாவது கேட்டீர்களா? ஆறாம் மாடி மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, தினமும் வருவார். நாயின் எச்சில் பட்டால் அவர் தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். முதல் நாளே அதை அவர் சொன்னார், எனக்கும் புரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு வலது ஓரம், எங்களுக்கு இடது ஓரம், வார் குட்டையாக. நோன்பு மாதத்தில் அவர் கொண்டுவரும் பலகாரம் என் பேத்திக்கு, தீபாவளி முறுக்கு அவருடைய பேரனுக்கு. எப்போதாவது சீனப் பெரியவர் ஒருவர் பறவைக் கூண்டோடு வந்தால் மைலோவைத் திருப்பி உட்காரவைப்பேன். இதற்கெல்லாம் எந்தக் குழுவும் கூடவில்லை, எந்த அறிவிப்பும் ஒட்டவில்லை. நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டதை நீங்கள் பெஞ்சையே தூக்கித் தீர்த்துவிட்டீர்கள். இப்போது மக்சிக்கும் நிற்கிறார். சில நாள் வருவதே இல்லை.

இது எங்கள் பெஞ்சோடு நிற்கிற வழக்கமும் அல்ல. கீழ்த்தளத்தில் பந்து விளையாடினால் சத்தம் என்று ஒருவர் சொன்னால் பலகை வரும். சைக்கிள் என்றால் பலகை. கூடி உட்கார்ந்து பேசினால், முதலில் பலகை, பிறகு மேசை காணாமல் போகும். எங்கள் புளோக்கில் சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட படங்கள் ஒரு சுவரை நிறைத்துவிட்டன. பாட்டியின் மேல் கோடு போட்ட படம் மட்டும்தான் இன்னும் வரவில்லை. முதலில் புகார் கொடுப்பவருக்கே சுவர் சொந்தம் என்றால், எதைப் பற்றியும் புகார் சொல்லாமல் ஒதுங்கி உட்கார்ந்து பழகிய எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

இன்னொரு பக்கம் பாருங்கள். பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று நாடே கெஞ்சுகிறது. 2023-இல் கருவள விகிதம் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே, 0.97-க்கு இறங்கியது. முதல் பிள்ளைக்கு 11,000 வெள்ளி போனஸ். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர் இருந்தால் வேலைக்குப் போகும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக்கழிவு. முதியவர்கள் வீட்டுக்குள் முடங்காமல் வெளியே வர வேண்டும், நடக்க வேண்டும், அண்டை வீட்டாரோடு பழக வேண்டும் என்று வேறு சொல்கிறீர்கள். நல்லது. வந்தோம், நடந்தோம், பழகினோம். உட்கார விடமாட்டேன் என்கிறீர்கள்.

கோபத்தில் குரல் சற்று உயர்ந்துவிட்டது. திரும்ப வேண்டுகோளுக்கே வருகிறேன். புதிதாக எதுவும் வாங்கச் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சு குப்பைத் தொட்டிகள் வைக்கும் அறைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, மழையில் நனைகிறது. நாய் மலம்தான் புகார் என்றால், பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி வையுங்கள். அள்ளாமல் போகிறவரைப் பிடித்து அபராதம் போடுங்கள், நானே கைதட்டுகிறேன். நாய் நெருங்கி வருகிறது என்று அச்சமானால், தரையில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு இப்பால் மைலோ இருப்பான். இரவில் யாரோ அங்கே படுக்கிறார்கள் என்றால் நடுவில் ஒரு கைப்பிடி வையுங்கள். என் முழங்காலுக்கும் எழுந்திருக்கப் பிடிமானமாக இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டாலும் சரி. சறுக்குமரமும் ஏணியும் தெரிய வேண்டும். அது மட்டும்தான் நிபந்தனை.

மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் குடியிருப்பாளராகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பெஞ்சைத் திரும்பப் போடுங்கள். முடிவெடுக்கும் முன் நேரில் பார்க்க வேண்டும் என்றால், வார நாளில் மாலை ஐந்தரைக்கு மேல் எந்த அதிகாரி வேண்டுமானாலும் வரலாம். நாங்கள் மூவரும் அங்கேதான் இருப்போம். நின்றபடியேதான் பேச வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் மாடியில் வசிக்கும் ஒரு பாட்டி